கையால் செய்த மலைகள்

மெக்சிகோவின் பழைய நகரமான தியோத்திவாக்கானின் இறந்தோர் வீதியில் நடந்துகொண்டிருந்தபோது, வெயிலுக்கு ஒதுங்கி ஒரு மேடையின் நிழலில் நின்றேன். 2019 பிப்ரவரி மாதம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம். காற்றில் குளிர் இருந்தது, வெயிலோ தலையைப் பிளந்தது. சுவரில் கை வைத்தபோதுதான் அந்தப் பொடிக்கற்கள் தட்டுப்பட்டன. பெரிய எரிமலைக் கற்களை இணைத்திருந்த காரையில், சுண்டைக்காய் அளவுக் கற்களை நெருக்கமாகப் பதித்திருந்தார்கள். அலங்காரம் என்று நினைத்துத் தடவிப் பார்த்தேன். கூட வந்த வழிகாட்டி, நடுவயதைக் கடந்தவர், நின்று விளக்கினார். பொடிக்கல் இருக்கும் இடமெல்லாம் இருபதாம் நூற்றாண்டில் புதுப்பித்துக் கட்டியது. பொடிக்கல் இல்லாத இடம் பழையது. பிற்காலத்தில் வருபவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகவே மெக்சிகோவின் தொல்லியலாளர்கள் இப்படி ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறார்கள்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் பிரமிடுகளைப் பார்க்கவில்லை, சுவர்களைத்தான் பார்த்தேன். பொடிக்கல் இல்லாத பகுதி பெரும்பாலும் முழங்கால் உயரத்தோடு முடிந்துவிட்டது. சில இடங்களில் இடுப்பளவு வந்தது. அதற்கு மேலே, புகைப்படங்களில் நாம் ஆண்டாண்டாகப் பார்த்துப் பழகிய அந்தக் கம்பீரமான படிக்கட்டுகளிலும் மேடைகளிலும் பெரும்பகுதி நம் தாத்தா காலத்துக் கொத்தனார் வேலை.

இது ஏமாற்றம் தரும் செய்தி அல்ல. மெசோஅமெரிக்கா என்று அறிஞர்கள் அழைக்கும் நிலப்பரப்பில், அதாவது மத்திய மெக்சிகோவிலிருந்து குவாத்தமாலா, ஹொண்டுராஸ் வரையில், பிரமிடுகளைப் பார்க்கப் போகும் பயணி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு பெரும்பாலும் அண்மைக்காலத்தது. அதைக் கட்டியவர்கள் எதை முக்கியம் என்று கருதினார்களோ அது உள்ளே இருக்கிறது, அல்லது கீழே இருக்கிறது. ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்குபவருக்கு அது கிடைக்காது.

தியோத்திவாக்கானின் சூரியப் பிரமிடை எடுத்துக்கொள்வோம். அடித்தளம் ஒரு பக்கத்துக்கு 220 மீட்டருக்குச் சற்று மேல். இன்றைய உயரம் சுமார் 65 மீட்டர். 1905 முதல் 1910 வரை இதைத் துப்புரவு செய்து சீரமைத்தவர் லெயோபோல்தோ பாத்ரெஸ். 1910-ல் மெக்சிகோ விடுதலைப் போராட்டத்தின் நூற்றாண்டு விழா. அதிபர் போர்ஃபிரியோ தியாஸுக்கு உலக நாடுகளின் விருந்தினர்களிடம் காட்ட ஒரு மாபெரும் சின்னம் தேவைப்பட்டது. மண்ணும் புதரும் மூடிய குன்றாகக் கிடந்த பிரமிடின் மேல் பாத்ரெஸ் ஆட்களை இறக்கினார். உண்மையான வெளிச்சுவர் எது, சரிந்த இடிபாடு எது என்று பிரித்தறிய முடியாமல், மீட்டர் கணக்கில் மேல் அடுக்கை உரித்து எடுத்துவிட்டார். உள்ளே மண்ணைத் தாங்கிப் பிடிப்பதற்காகக் கட்டியிருந்த முட்டுச்சுவர்கள் வெளியே வந்துவிட்டன. இன்றும் பிரமிடின் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்களில் அவற்றைப் பார்க்கலாம். அடுக்குகளின் கணக்கிலும் பிழை நேர்ந்தது. மூலக் கட்டடத்தில் இல்லாத ஓர் அடுக்கு சேர்ந்துகொண்டது. உலகம் முழுக்க அஞ்சலட்டைகளில் சுற்றிய அந்த உருவம் ஒரு விழா அவசரத்தின் விளைவு.

பாத்ரெஸை இன்று திட்டுவது சுலபம். அவருக்குப் பின் 1917 முதல் 1922 வரை இங்கே வேலை செய்த மனுவேல் காமியோ வேறு வகை மனிதர். அவர் சிறகுப் பாம்புக் கோயிலைத் தோண்டியதோடு நிற்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் அன்றைக்கு வாழ்ந்த உழவர்களின் வீடு, உணவு, நோய், நிலம், பாட்டு என எல்லாவற்றையும் ஆய்ந்து 1922-ல் பெரிய நூலாக வெளியிட்டார். இடிபாட்டைப் படிப்பவன் அதன் நிழலில் வாழும் மனிதர்களையும் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நூல் நெடுகிலும் இருக்கிறது. 1962 முதல் 1964 வரை இக்னாசியோ பெர்னால் தலைமையில் நடந்த பெரும் திட்டத்தில்தான் நிலாப் பிரமிடின் முற்றமும் வீதியின் இருபுற மேடைகளும் இன்றைய உருவம் பெற்றன. நான் தடவிப் பார்த்த பொடிக்கற்கள் அந்தக் காலத்தவை.

இன்னொன்றையும் மனத்தில் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது. இந்த வெற்றுக் கல் தோற்றம் பழைய நகரத்தின் தோற்றம் அல்ல. மேடைகளின் மேலும் சுவர்களின் மேலும் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. அதன்மேல் சிவப்பும் வெள்ளையும் பச்சையும். சுண்ணாம்புக்கல் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தூலா பகுதியிலிருந்து வந்திருக்கிறது என்று வேதியியல் ஆய்வுகள் காட்டுகின்றன. பாரம் சுமக்கும் விலங்கு ஒன்றுகூட இல்லாத நாடு அது. மாடு இல்லை, கழுதை இல்லை, குதிரை இல்லை. வேலைக்குச் சக்கரமும் பயன்படுத்தவில்லை. நெற்றியில் பட்டை கட்டி முதுகில் சுமந்து வந்த மனிதர்கள்தான் அத்தனை சுண்ணாம்பையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். சூரியப் பிரமிடின் உள்ளே இருக்கும் பத்து லட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணும் கல்லும் கூடை கூடையாக இப்படித்தான் ஏறின.

அப்போது மேலே ஏற அனுமதி இருந்தது; ஏறினேன். படிகள் செங்குத்து, ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக மூடியபின் சூரியப் பிரமிடின் உச்சிக்குப் போகும் வழி மூடியே இருந்தது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான செருப்புகள் தேய்த்த படிக்கு அது ஓய்வு. உச்சியில் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய அறிவு, வடக்கே பார்த்தபோது கிடைத்தது. வீதியின் முடிவில் நிலாப் பிரமிடு. அதன் பின்னால், அதே சாய்வோடு, அதே தோள்களோடு, செர்ரோ கோர்தோ மலை. கீழே வீதியில் நின்று பார்த்தால் மலையின் மடிக்குள் பிரமிடு உட்கார்ந்திருக்கும். நெருங்க நெருங்கப் பிரமிடு வளர்ந்து மலையை மறைத்துவிடும். நிலாப் பிரமிடின் உயரம் சுமார் 43 மீட்டர்தான். ஆனால் தரை வடக்கே மேடேறுவதால் இரண்டு பிரமிடுகளின் உச்சியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இதை வடிவமைத்தவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டே கட்டியிருக்கிறார்கள்.

மலை என்ற சொல்லை இங்கே அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும். அஸ்டெக் மக்கள் பேசிய நவாட்டல் மொழியில் ஊருக்கு, அரசுக்குச் சொல் 'அல்தெபெத்ல்'. 'அத்ல்' என்றால் நீர். 'தெபெத்ல்' என்றால் மலை. நீர்மலை என்பதே ஊர். மலையின் வயிற்றுக்குள் நீர் நிறைந்திருக்கிறது, மேகம் அங்கிருந்து எழுகிறது, சோளத்தின் விதை அங்கே பத்திரமாக இருக்கிறது, முன்னோர் குகை வழியாக அங்கிருந்து வந்தார்கள் என்பது இந்த நிலப்பரப்பில் மீண்டும் மீண்டும் வரும் நம்பிக்கை. ஊரில் மலை இருந்தால் அதன் அடியில் குடியேறினார்கள். இல்லாத இடத்தில் மலையைச் செய்தார்கள்.

எகிப்தை மனத்தில் வைத்துக்கொண்டு வரும் பயணி இங்கேதான் தடுமாறுகிறார். எகிப்தின் பிரமிடு ஓர் அரசனின் கல்லறை. ஒருமுறை கட்டி மூடியது. இங்கே பிரமிடு என்பது கோயிலைத் தாங்கும் மலை. சடங்கு நடக்கும் இடம் உச்சி. தலைமுறை மாறினால், ஆட்சி மாறினால், காலச்சுற்று முடிந்தால், பழையதை இடிக்காமல் அதன்மேலேயே புதியதைக் கட்டினார்கள். வெங்காயம்போல் அடுக்கு அடுக்காக வளர்ந்தது. ருபேன் கப்ரேராவும் ஜப்பானிய ஆய்வாளர் சபுரோ சுகியாமாவும் 1998-லிருந்து நிலாப் பிரமிடுக்குள் சுரங்கம் தோண்டிப் போனபோது ஏழு கட்டடங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்டார்கள். ஒவ்வொரு விரிவாக்கத்தோடும் பலிகள் புதைந்திருந்தன: மனிதர்கள், கூடவே பூமாக்கள், ஓநாய்கள், கழுகுகள், பாம்புகள். சில விலங்குகளை மரக்கூண்டோடு வைத்திருந்தார்கள். யுகதானில் சிச்சேன் இட்சாவின் புகழ்பெற்ற காஸ்தீயோவுக்குள் 1930களில் இன்னொரு பிரமிடு கிடைத்தது. அதன் கோயிலில் பச்சைக்கல் புள்ளிகள் பதித்த சிவப்புச் சிறுத்தை இருக்கை ஒன்று அப்படியே நின்றிருந்தது. அதற்குள்ளும் ஒரு சிறு பிரமிடு இருக்கிறது என்று 2016-ல் மின்தடை அளவீட்டின் மூலம் கண்டறிந்தார்கள். மெக்சிகோ நகரின் நடுவே, பேராலயத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் அஸ்டெக் பெருங்கோயிலிலும் ஏழு கட்டங்கள். 1978 பிப்ரவரியில் மின்கம்பி பதிக்கத் தோண்டிய தொழிலாளிகளின் மண்வெட்டியில் நிலாத் தேவதை கொயோல்ஷௌக்கியின் 3 மீட்டருக்கும் அகலமான கல்வட்டம் தட்டியதில் தொடங்கியது அந்த அகழாய்வு.

இந்த மலை வழிபாட்டின் மிக எளிய, மிக நெருக்கமான சான்று எந்தப் பெரிய பிரமிடிலும் இல்லை. போபோகாதெபெத்ல் எரிமலையின் சரிவில் தெதிம்பா என்ற சிற்றூர். கிபி முதல் நூற்றாண்டில் எரிமலை வெடித்து ஊரைச் சாம்பலில் புதைத்தது. பாத்ரிசியா பிளங்கெட், கப்ரியெலா உருஞுவேலா ஆகிய இருவரும் அதைத் தோண்டியபோது, வீடுகளின் முற்றத்தில் சின்னஞ்சிறு எரிமலை வடிவப் பீடங்களைக் கண்டார்கள். அடியில் கரி கனியும் குழி. மேலே புகை போகும் துளை. துளையின் வாயில் செதுக்கிய கல்தலை. கண்ணெதிரே புகைந்துகொண்டிருந்த பெரிய மலையை, அந்தக் குடும்பங்கள் தங்கள் முற்றத்திலேயே வைத்துப் புகையவிட்டு வணங்கியிருக்கின்றன. அந்த வீடுகளின் அடித்தளங்களில் சாய்சுவரும் அதன்மேல் நிமிர்ந்த சட்டமும் உண்டு. பிற்காலத்தில் தியோத்திவாக்கானின் முத்திரையாகவே ஆகிவிட்ட 'தலூத்–தப்லேரோ' கட்டுமானம் அது. குடியானவன் வீட்டுத் திண்ணையில் பிறந்த வடிவம் பெருநகரத்தின் மேடைகளுக்கு ஏறியிருக்கிறது. மலையையும் மேடையையும் பற்றிய இந்தக் கேள்வியில் தெதிம்பாவைவிட எனக்குப் பிடித்த இடம் வேறில்லை.

இனி, வீதியின் தெற்கே உள்ள சியுதாதெலா என்ற பெரிய சதுர முற்றத்துக்கு வருவோம். அதற்குள் சிறகுப் பாம்புக் கோயில். உயரத்தில் மற்ற இரண்டுக்கும் இளையது. ஆனால் இந்த நகரத்தைப் புரிந்துகொள்ள வருபவர் அதிக நேரம் நிற்க வேண்டியது இங்கேதான். முகப்பிலிருந்து பாம்புத் தலைகள் இறகு வளையங்களோடு வெளியே பாய்கின்றன. இடையிடையே சங்கும் சிப்பியும் செதுக்கியிருக்கிறார்கள். கடல் இல்லாத மேட்டுநிலத்தில் கடலின் அடையாளங்கள். இந்த முகப்பு இவ்வளவு நன்றாகப் பிழைத்திருப்பதற்குக் காரணம், நான்காம் நூற்றாண்டில் இதற்கு முன்னால் இன்னொரு மேடையைக் கட்டி மறைத்துவிட்டார்கள். கோயிலின் மற்றப் பக்கங்கள் மொட்டையாகின. மறைத்த பக்கம் தப்பியது.

1980களில் இதன் அடியில் கிடைத்தவை மனத்தை உலுக்குபவை. நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். மொத்தம் சுமார் 200 பேர் புதைந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். பலரின் மணிக்கட்டுகள் முதுகுக்குப் பின்னால் சேர்ந்திருந்தன, கட்டியிருந்ததைப்போல. போர்வீரர் கோலத்தில் இருந்தவர்கள் கழுத்தில் மனிதத் தாடை வடிவ மாலைகள். பெரும்பாலானவை சிப்பியில் செதுக்கியவை, சில உண்மையான தாடைகள். அவர்களைக் கூட்டம் கூட்டமாக, 18, 20, 9 என்று நாட்காட்டியோடு தொடர்புள்ள எண்களில் அடுக்கியிருந்தார்கள். மாபெரும் நாகரிகம் என்று வியக்கும் அதே வாயால் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சுற்றுலாக் கையேடுகள் சில இதைத் திகில் கதையாக்குகின்றன, சில தவிர்த்துவிடுகின்றன. முற்றத்தில் நின்று அந்த எண்ணிக்கையை மனத்தில் வாங்கிக்கொள்ள எனக்கு நேரம் பிடித்தது.

2003-ல் பெருமழை. கோயிலின் முன்னால் தரை உள்வாங்கி ஒரு குழி விழுந்தது. ஒரு மீட்டர்கூட அகலம் இல்லாத வாய். தொல்லியலாளர் செர்ஹியோ கோமெஸ் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். சுமார் 14 மீட்டர் ஆழத்தில், கல்லால் அடைத்த ஒரு சுரங்கப்பாதை கோயிலின் நடுப்பகுதியை நோக்கிப் போவதைக் கண்டார். அதன் நீளம் நூறு மீட்டருக்கு மேல். அதை அடைத்து ஏறக்குறைய 1,800 ஆண்டுகள் ஆகியிருந்தன. தரை ஊடுருவும் ரேடாரையும் சிறிய ரோபோ வண்டிகளையும் முன்னால் அனுப்பி, பின்னால் தூரிகையும் கரண்டியுமாக மனிதர்கள் போனார்கள். பல ஆண்டு வேலை. வந்தவற்றைப் பட்டியலிடுவது சிரமம். கரீபியக் கடலோரச் சங்குகள், ரப்பர் பந்துகள், பச்சைக்கல் மணிகள், சிறுத்தை எலும்புகள், செதுக்கிய ஆண் பெண் சிலைகள், மரப்பொருள்கள். சுவரிலும் கூரையிலும் பைரைட் போன்ற மின்னும் கனிமப் பொடியை அப்பியிருந்தார்கள். பந்த வெளிச்சத்தில் அது விண்மீன்களைப்போல் மின்னியிருக்கும். கடைசி அறைகளுக்குள் பாதரசம், நீர்ம வடிவில். 2015-ல் அதை அறிவித்தார்கள். மலையின் அடியில் ஒரு வானம், ஒரு நீர்நிலை. 'நீர்மலை' என்ற சொல் அஸ்டெக் காலத்தில்தான் எழுத்தில் நமக்குக் கிடைக்கிறது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவர்கள் அந்தச் சொல்லைக் கல்லிலும் பாதரசத்திலும் எழுதிவைத்திருந்தார்கள் என்றே நான் படிக்கிறேன்.

அங்கிருந்து வந்த பொருள்களில் ஒன்று என்னை விடவே இல்லை. 2021-ல் கோமெஸின் குழு பூங்கொத்துகளைக் கண்டெடுத்ததாக அறிவித்தது. உலர்ந்த பூக்கள். காம்புகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிய கட்டு அவிழாமல் இருந்தது.

சூரியப் பிரமிடின் அடியிலும் ஒரு சுரங்கம் உண்டு. 1971-ல் படிக்கட்டின் காலடியில் கண்டுபிடித்தார்கள். சுமார் 100 மீட்டர் நீண்டு, நான்கு இதழ் விரித்த பூப்போன்ற அறைகளில் முடிகிறது. இயற்கைக் குகையைச் சுற்றித்தான் பிரமிடையே கட்டினார்கள் என்று நெடுங்காலம் நம்பினார்கள். மனிதர் தோண்டியது என்பதே இன்று வலுவான கருத்து. எனக்கு இந்தத் திருத்தம் இன்னும் பொருள் செறிந்ததாகப் படுகிறது. குகை இல்லாத இடத்தில் குகையையும் அவர்களே செய்துகொண்டார்கள்.

மார்ச் 21-ஆம் தேதி வாக்கில் இங்கே வந்தால் வெள்ளுடை அணிந்து, கைகளை உயர்த்திச் சூரிய ஆற்றலை வாங்கும் பெருங்கூட்டத்தைக் காணலாம். அவர்களின் பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சூரியப் பிரமிடு அந்த நாளை நோக்கி நிற்கவில்லை. நகரம் முழுவதும் வடக்கிலிருந்து சுமார் 15.5 பாகை கிழக்கே திரும்பியிருக்கிறது. பிரமிடின் எதிரே சூரியன் மறைவது ஏப்ரல் 29, 30 வாக்கிலும் ஆகஸ்ட் 13 வாக்கிலும். இந்த இரண்டு நாள்களும் ஆண்டை 105, 260 என்று பிரிக்கின்றன. 260 நாள் என்பது மெசோஅமெரிக்காவின் சடங்கு நாட்காட்டி. கட்டியவர்களின் கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்கும்போது, அவர்களை மதிக்க நமக்கு வேறு புதுக்கணக்கு தேவையில்லை.

உள்ளே இருப்பதே முக்கியம் என்று சொல்லும்போது பலெங்கேயைச் சொல்லாமல் போக முடியாது. மாயா நகரமான அதன் கல்வெட்டுக் கோயிலின் தரையில், ஒரு பாவுகல்லில் வரிசையாகத் துளைகளும் அவற்றை அடைக்கும் கல்முளைகளும் இருப்பதை அல்பெர்தோ ரூஸ் கவனித்தார். கல்லைத் தூக்கினால் இடிபாடு அடைத்த படிக்கட்டு. அந்த அடைப்பை எடுக்கவே அவருக்கு நான்கு அகழாய்வுப் பருவங்கள் ஆயின. 1952 ஜூனில் அடியை எட்டியபோது, 683-ல் மறைந்த பகால் அரசனின் கல்லறை. பிரமிடுகளில் கல்லறையே கிடையாது என்ற அன்றைய முடிவு அன்றோடு போயிற்று. படிக்கட்டின் ஓரமாகக் கல்லறையிலிருந்து கோயில் தரைவரை மெலிந்த கல்குழாய் ஒன்று ஏறிவருகிறது. மாண்ட அரசனின் மூச்சும் உயிரோடிருப்பவர்களின் சொல்லும் போய்வருவதற்கான வழி அது. தியோத்திவாக்கானிலோ இன்றுவரை ஓர் அரசனின் கல்லறை என்று உறுதியாகச் சொல்லக்கூடியது கிடைக்கவில்லை. ஓர் அரசனின் பெயர்கூட உள்ளூரில் இல்லை. தொலைவில் உள்ள மாயா நகரமான திக்காலின் கல்வெட்டுகளில், 378-ல் மேற்கிலிருந்து வந்திறங்கிய சியாஹ் காக் என்ற தலைவன் பேசப்படுகிறான். தியோத்திவாக்கானின் கை அவ்வளவு தூரம் நீண்டதற்கு அதைச் சான்றாகக் கொள்கிறார்கள்.

(திக்கால் என்றதும் ஒரு சின்ன உறவு. அந்தக் கோயில்களின் வாசல் விட்டங்கள் சப்போட்டா மரம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் மழைக்காட்டில் நின்ற மரம். நம் வீட்டுக் கொல்லையில் நிற்பதும் அதே மரந்தான். சப்போட்டா என்ற சொல்லே நவாட்டலின் 'த்ஸபோத்ல்' ஸ்பானிய வாய் வழியாக நமக்கு வந்தது. தியோத்திவாக்கான் வேலியோரங்களில் வளரும் சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும் அந்த நிலத்திலிருந்து நம்மிடம் வந்தவையே.)

பெரும்பாலான பயணிகள் இரண்டு பிரமிடுகளையும் பார்த்துவிட்டுப் பேருந்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். வீதிக்கு வெளியே, ஆள் நடமாட்டம் குறைந்த தெபன்தித்லா, தெதித்லா, அத்தெதெல்கோ போன்ற குடியிருப்புகளுக்குப் போகாதது பெரிய இழப்பு. இந்த நகரம் உச்சத்தில் இருந்தபோது சுமார் 20 சதுர கிலோமீட்டரில் லட்சம் பேருக்குமேல் வாழ்ந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். ரெனே மில்லோன் 1960களில் தொடங்கி வீதி வீதியாக நடந்து வரைந்த நிலப்படம், சுமார் 2,000 கூட்டுக் குடியிருப்புகளைக் காட்டியது. மதில் சூழ்ந்த ஒரே வளாகத்துக்குள் பல குடும்பங்கள். நடுவே முற்றங்கள், மழைநீர் வடியக் கால்வாய்கள், சுவரெல்லாம் ஓவியம். பழங்கால உலகில் எளிய மக்களுக்கு இப்படிக் கல்லும் காரையுமாக வீடு கிடைத்த பெருநகரங்கள் மிகக் குறைவு. நகரின் மேற்கோரத்தில் தெற்கே ஓவாஹாகாவிலிருந்து வந்து குடியேறிய சபோதெக் மக்களின் பேட்டை ஒன்று இருந்தது. பல தலைமுறை கழிந்த பின்னும் அவர்கள் தங்கள் ஊர்ப் பாணியிலேயே மண்தாழி செய்தார்கள், தங்கள் வழக்கப்படியே இறந்தவர்களைப் புதைத்தார்கள். தெபன்தித்லாவின் சுவரோவியத்தில் ஒரு மலையிலிருந்து நீர் பெருகி ஓடுகிறது. சுற்றிலும் சின்னஞ்சிறு மனிதர்கள் ஆடுகிறார்கள், பந்தடிக்கிறார்கள், பட்டாம்பூச்சி பிடிக்கிறார்கள். பலிகளைப் பற்றிப் படித்துவிட்டு அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நிற்பது நல்லது. இரண்டும் ஒரே ஊர்.

கிபி 550-ஐ ஒட்டி வீதியோரக் கோயில்கள் எரிந்தன. எட்டு நூறு ஆண்டுகள் கழித்து வந்த அஸ்டெக் மக்கள்தான் இந்த இடிபாடுகளுக்குப் பெயர் வைத்தவர்கள். தியோத்திவாக்கான், தெய்வங்கள் உருவான இடம். மேடுகளைக் கல்லறைகள் என்று எண்ணி 'இறந்தோர் வீதி' என்றதும் அவர்களே. இங்கே வந்து சடங்கு செய்தார்கள், கிடைத்த பொருள்களை எடுத்துப்போய்த் தங்கள் பெருங்கோயிலில் படையலாகப் புதைத்தார்கள். நகரத்தை அதன் மக்கள் என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது இன்றும் நமக்குத் தெரியாது. ஒரு பயணியின் வியப்பே அதன் பெயராக நிற்கிறது.

சோலூலாவுக்கு நான் போனது கடைசியில். பூவெப்லா நகரை ஒட்டிய ஊர். அங்கே நிற்பது, கன அளவில் உலகிலேயே மிகப் பெரிய பிரமிடு. அடித்தளம் ஒரு பக்கத்துக்கு 400 மீட்டர் அளவில். கன அளவு சுமார் 44 லட்சம் கன மீட்டர், எகிப்தில் குஃபுவின் பிரமிடு சுமார் 25 லட்சம். ஆனால் பேருந்திலிருந்து இறங்கிப் பார்த்தால் பிரமிடே இல்லை. புல்லும் மரமும் மூடிய ஒரு குன்று. உச்சியில் மஞ்சள் நிறத் தேவாலயம். ஸ்பானியர்கள் இது பிரமிடு என்று தெரியாமலேயே மேலே கோயில் கட்டிவிட்டார்கள் என்று பல கையேடுகள் கதை சொல்கின்றன. அது சரியல்ல. குன்றின் நவாட்டல் பெயரே 'த்லச்சிவல்தெபெத்ல்', கையால் செய்த மலை. 1581-ல் ஊரின் ஸ்பானிய அதிகாரி கப்ரியேல் தெ ரோஹாஸ் எழுதிய அறிக்கை இதைப் பேசுகிறது. தெரிந்துதான் கட்டினார்கள், தெரிந்ததனால்தான் கட்டினார்கள். 1519 அக்டோபரில் ஸ்பானியத் தளபதி கோர்தேஸின் படை இந்த ஊரில் செய்த படுகொலைக்குப் பிறகு, வழிபாட்டின் உச்சியைக் கைப்பற்றுவது ஆட்சியின் அடுத்த வேலையாக இருந்தது.

உச்சியில் தேவாலயம் இருப்பதால் மேலிருந்து தோண்ட முடியாது. 1931-ல் இக்னாசியோ மார்கினா பக்கவாட்டில் சுரங்கம் வெட்டத் தொடங்கினார். பழைய சுவர் ஒன்று கிடைத்தால் அதன் முகத்தையே பிடித்துக்கொண்டு போவது முறை. இப்படிச் சுமார் 8 கிலோமீட்டர் நீளச் சுரங்கங்கள் ஆயின; அதில் ஒரு சிறு பகுதி வழியாக நான் போனேன். ஓர் ஆள் அகலம். என் தலைக்கு மேல் ஒரு சாண் இடம். மஞ்சள் விளக்குகள். இரண்டு பக்கமும் பச்சைச் செங்கல். விரல் வைத்தால் ஈரமாகக் குளிர்ந்தது. சில செங்கல்களில் வைக்கோல் அச்சும் பானை ஓட்டுத் துண்டும் தெரிந்தன. பக்கவாட்டில் கிளைச் சுரங்கங்கள் கம்பிக் கதவுக்கு அப்பால் இருட்டில் போயின. ஓரிடத்தில் வலப்பக்கச் சுவர் திறந்து ஒரு படிக்கட்டைக் காட்டியது. செங்குத்தாக மேலேறி, விளக்கு எட்டாத இடத்தில் மண்ணுக்குள் மறைந்தது. ஒரு காலத்தில் திறந்த வெளியில், வெயிலில், யாரோ ஏறி இறங்கிய படிகள். அடுத்த தலைமுறை அதன்மேல் தன் மலையைப் போர்த்தியபோது அவை உள்ளே போய்விட்டன. இங்கே பொடிக்கல் இல்லை, தேவையில்லை. எந்தக் கொத்தனாரும் இதைத் தொட்டுத் திருத்தவில்லை. தியோத்திவாக்கானில் இரண்டு நாள் வெயிலில் நின்று தேடியதை, இந்த ஈரச் சுவர்களுக்கு நடுவே இருபது நிமிடத்தில் தொட்டுவிட்டேன்.

மறுபக்கம் வெளியே வந்ததும் கண் கூசியது. அடிவாரத்தில் பெண்கள் கூடைகளில் வறுத்த வெட்டுக்கிளி விற்றார்கள், எலுமிச்சையும் மிளகாய்த் தூளும் தூவி. குன்றின் மேலே போகும் கற்பாதையில் நானும் ஏறினேன். 2017 செப்டம்பர் நிலநடுக்கத்தில் தேவாலயம் காயப்பட்டிருந்தது. மேற்கே போபோகாதெபெத்ல் வெண்புகை விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று ஏறினார். கையில் வெள்ளைப் பூக்கள். காம்புகளைச் சேர்த்து நூலால் கட்டியிருந்தார்.